கடைவயலுக்கு முதல் தண்ணீர் விட்ட பூபாலப்பிள்ளை

பூபாலப்பிள்ளை மச்சான் இறந்த செய்தியை ஓர் ஓட்டோதான் எனக்குக் கொண்டுவந்தது. காலையில் வாசலில் இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ ஒன்று, "முன்னாள் வட்டவிதானையும் சமூக சேவையாளருமான" என்று அறிவித்தபடி வீதியால் போயிற்று. பெயர் காதில் விழுந்ததும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது கோபம். அவருக்கு அந்த 'முன்னாள்' எப்படி வந்தது என்று அறிவித்த பொடியனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். எனக்கு எழுத்துத் தெரியாது என்பதால் நான் சொல்ல என் மகள் எழுதுகிறாள்.

அவரை அறியாதவர்களுக்கு முதலில் வட்டையைச் சொல்ல வேண்டும். வந்தாறுமூலைக்கு மேற்கே, ஒரே குளத்துத் தண்ணீரை நம்பிக் கிடக்கும் வயல்வெளிதான் எங்கள் வட்டை. வயல்காரர் எல்லோரும் கூடிக் கைதூக்கித் தங்களில் ஒருவரை வட்டவிதானையாக வைப்பார்கள். குளத்து மதகான துருசைத் திறப்பதும் பூட்டுவதும், யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்று சொல்வதும் அவர் பொறுப்பு. தண்ணீர் குறைந்த சிறுபோகத்தில் கடைவயலுக்கு முதலில் பாய்ச்சிவிட்டுத்தான் மேலே வர வேண்டும். கடைவயல்கள் வாவியை ஒட்டியவை. காய்ந்தால் உவர் ஏறிவிடும். உவர் ஏறிய மண் பிறகு லேசில் விளையாது. குளத்தடி வயல்கள் பெரும்பாலும் எங்கள் தமிழ் ஆட்களுடையவை. கடைவயல்கள் பெரும்பாலும் ஏறாவூர் முஸ்லிம் ஆட்களுடையவை. நல்ல காலத்தில் இதை ஒருவரும் நினைத்தும் பார்ப்பதில்லை.

மச்சான் விதானையான முதற்போகத்திலேயே அவருடைய சொந்தத் தம்பி முறை தவறி வாய்க்கால் வரம்பில் வக்கடை வெட்டித் தன் வயலுக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டார். மச்சான் மண்வெட்டியோடு போய் அதை அடைத்தார். தம்பிக்கு அந்த முறைத் தண்ணீரும் இல்லை என்றார். தாய் வந்து சண்டை பிடித்தார்.

"கூடப் பொறந்தவனுக்கே இந்தச் சட்டமா மனே?"

"தம்பிக்கு வேணுமெண்டா என்ர சோத்தில பாதி குடுப்பன் அம்மா. தண்ணி என்ரயில்ல."

தாய் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. அதற்காக அவர் தண்ணீரும் விடவில்லை.

பிறகு அந்தக் கெட்ட வருடம் வந்தது. பட்டணத்தில் ஏதோ நடந்து, கடைகள் பூட்டி, ஊருக்கு ஊர் முறைத்துக்கொண்டு நின்ற காலம். குளத்திலும் தண்ணீர் அரைவாசிதான். நெல் கதிர் தள்ளுமுன் குடலைப் பருவத்தில் நின்றது. எங்கள் ஊர் ஆட்கள் சிலர் ஒரு கட்சிக்காரத் தம்பியைக் கூட்டிக்கொண்டு மச்சான் வீட்டுக்கு வந்தார்கள். நானும் அங்கே இருந்தேன்.

"அண்ணன், இந்த முறை கீழுக்கு விடாதீங்க. நம்மட சனம் முதல்ல" என்றார் கட்சிக்காரர்.

"தம்பிக்கு வட்டையில எத்தின ஏக்கர்?" என்று கேட்டார் மச்சான்.

"எனக்கு வயல் இல்ல."

"அதான் லேசாச் சொல்றீங்க. என்னை வெச்சது முழு வட்டையும். அரைவாசி ஆக்களுக்கு மட்டும் விதானையா இருக்க எனக்குத் தெரியா."

"அப்ப நீங்க அவங்கட ஆளா?"

"நான் துருசுக்காரன் தம்பி. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

ஒருவரும் குடிக்கவில்லை. மறுநாள் மச்சான் துருசைத் திறந்து, வாய்க்கால் நெடுக நடந்து, மேல்வக்கடைகளை அடைத்துக்கொண்டே போனார். கடைசி வயல் இஸ்மாலெவ்வைக் காக்காவுடையது. அது நிறைந்த பிறகுதான் வீடு வந்தார். தண்ணீர் மேலே ஏறி வருமுன் குளம் வற்றிவிட்டது. மச்சானுடைய வயல் துருசடியிலேயே கிடந்து சருகாய்ப் போயிற்று. என்னுடையதும் முக்கால்வாசி போயிற்று.

அடுத்த போகக் கூட்டத்தில் புதிய விதானைக்குக் கை கேட்டார்கள். எங்கள் ஆட்கள் கட்சிக்காரர் காட்டிய ஆளுக்குத் தூக்கினார்கள். ஏறாவூர்க்காரர் தங்கள் கட்சி நிறுத்திய ஆளுக்குத் தூக்கினார்கள். இஸ்மாலெவ்வையின் கையும் அங்கேதான் போயிற்று. மச்சானுக்கு என்னுடைய கையும் இன்னும் இரண்டொருவருடையதும்தான். வரும் வழியெல்லாம் நான் ஏசிக்கொண்டு வந்தேன்.

"அந்த இஸ்மாலெவ்வைக்கு வெக்கமில்லையா? உன்ர வயலைக் காயவிட்டெல்லோ அவன்ர வயலை நனைச்சாய்."

"நான் கைக்கா தண்ணி விட்டன்? பேசாம வா மச்சான், கால் நோகுது."

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அது இன்றைக்கும் ஆறவில்லை. அன்றிலிருந்து தண்ணீர் மேலிருந்துதான் கீழே போகிறது. கடைவயல்கள் பல உவரேறி வெள்ளையாய்க் கிடக்கின்றன.

செத்தவீட்டில் கட்சிப் பெயரோடு பெரிய பதாகை கட்டியிருந்தார்கள். அன்றைக்கு வந்த அதே கட்சிக்காரர் ஒலிவாங்கியைப் பிடித்து, "இரு சமூகங்களையும் இணைத்த பெருமகன்" என்றார். என்னால் இருக்க முடியவில்லை.

"துருசைப் பூட்டச் சொல்லி வந்தது ஆரு தம்பி?" என்று எழும்பிக் கேட்டேன்.

பின்னால் ஒருவர் என் கையைப் பிடித்து, "பெரியப்பா, செத்தவீட்டில அரசியல் வேணாம்" என்றார்.

"அதைக் கொண்டந்து கட்டினது நானா மகன்?" என்று பதாகையைக் காட்டினேன். சிலர் சிரித்தார்கள். பேச்சு மட்டும் நிற்கவில்லை.

இஸ்மாலெவ்வைக் காக்கா வேலியோரம் நின்றார். "அண்டைக்கு என்னால ஏலாமப் போச்சு மச்சான். ஊரோட நிக்க வேண்டி வந்திட்டு" என்றார் என்னிடம்.

"எல்லாரும் ஊரோடதான் நிண்டம். அவர்தான் வாய்க்காலில நிண்டார்" என்றேன். அதற்குமேல் அவரை ஏச எனக்கு மனம் வரவில்லை. அவருடைய வயலும் இந்தப் போகம் காய்கிறது.

அடக்கம் முடிந்து நான் நேரே வட்டைக்குப் போனேன். என் வயலில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. மகனிடம் மண்வெட்டியை வாங்கி என் வக்கடையை அடைத்தேன். "அப்பா, உங்களுக்கு விசரா? நாம விட்டாலும் பக்கத்து வயல்காரன் மறிச்சுப்போடுவான்" என்று அவன் கத்தினான். மறிக்கலாம்.

மச்சான், தண்ணீர் என் வரம்பைத் தாண்டிக் கீழே போயிற்று. இஸ்மாலெவ்வையின் வயல் வரை போய்ச் சேர்ந்ததோ எனக்குத் தெரியாது. இடையில் எத்தனையோ பேருடைய வயல்கள் இருக்கின்றன. நீ போய் ஆறுதலாய் இரு.