மாமாவின் பக்கத்தில் மண்டியிட்டவள்

அயர்லாந்துக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, ஆலய வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனேன். ஆந்திர எல்லையிலிருக்கும் எங்கள் ஊர் நகரியில் அதுதான் பழக்கம். பாதி ஆராதனையில், ஈரக் கோட்டு போட்ட ஒரு பெரியவர் என் செருப்பு இரண்டையும் கையில் ஏந்திக்கொண்டு நான் இருந்த பெஞ்சுக்கு வந்தார். வெளியே மழை. "கால் வலிக்கிறதா?" என்று ரகசியமாகக் கேட்டார். "இல்லை, இது ஆலயம் அல்லவா" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. காலில் ஏதோ புண், சொல்ல வெட்கப்படுகிறாள் என்று எண்ணிக்கொண்டார் போலும். தன் கழுத்திலிருந்த கம்பளி மஃப்ளரை எடுத்து, குனிந்து, என் பாதத்துக்குக் கீழே விரித்துவிட்டுப் போனார். அதன்மேல் கால் வைக்கவும் கூசியது, எடுக்கவும் மனம் வரவில்லை.

ஆராதனை முடிந்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவரே திரும்ப வந்து, "நீ எப்போது கிறிஸ்தவளானாய்? இங்கே வந்த பிறகா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் நாலு தலைமுறையாக ஞானஸ்நானம். எனக்குப் பேரே ரூத். அதைச் சொன்னதும் பெரியவர் சங்கடப்பட்டு மன்னிப்புக் கேட்டார். ஆனால் அறைக்குத் திரும்பும் பஸ்ஸில் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நான் எப்போது கிறிஸ்தவளானேன்? உண்மையான பதிலை அவரிடம் சொல்லியிருக்க முடியாது. டீ ஆறுவதற்குள் சொல்லக்கூடிய கதை இல்லை அது.

அப்போது நான் திருப்பதியில் நர்சிங் மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறை கிடைத்தால் புத்தூர் வழியாக நகரிக்கு பஸ். ஊரில் கைத்தறிச் சத்தம் போய் பவர்லூம் சத்தம் வந்துவிட்ட காலம். புதிது புதிதாக ஷெட்டுகள் முளைத்தன. நெய்த சேலைகளை ஏற்றிக்கொண்டு பம்பாய் வரைக்கும் லாரிகள் போயின. அம்மாவின் தம்பி யோசேப்பு மாமா அப்படி ஒரு லாரியின் டிரைவர். வந்தால் வீடு முழுக்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் வாய்தான் அவருக்கு எதிரி. யாரைப் பற்றியும் எதையும் சொல்லிவிடுவார்.

எங்கள் தெருவில் சலோமி அக்கா என்று ஒருத்தி இருந்தாள். புருஷன் விட்டுவிட்டுப் போனவள். பவர்லூம் ஷெட்டில் நூல் சுற்றிப் பிழைத்தாள். நான் பள்ளியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது, ஷெட் மேஸ்திரியோடு அவளைச் சேர்த்து டீக்கடையில் மாமா ஒரு வார்த்தை சொன்னார். சிரிப்பதற்காகத்தான் சொன்னார். ஒரே வாரத்தில் அது ஊர் முழுக்கப் பரவியது. விஷயம் தெளிவாகும்வரை அப்பமும் திராட்சரசமும் வாங்கும் திருவிருந்துக்கு வரவேண்டாம் என்று போதகர் அவளிடம் சொல்லிவிட்டார். ஆறு மாதம் சலோமி அக்கா ஞாயிறு தவறாமல் வந்தாள். திருவிருந்துக்கு எல்லோரும் எழுந்து பீடத்தண்டை போகும்போது பெண்கள் பக்கத்தில் அவள் ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருப்பாள். பேச்சு பொய் என்று தெரிந்தபின் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. மாமாவும் கேட்கவில்லை.

அதற்கு மூன்று வருஷம் கழித்து மாமா எலும்பும் தோலுமாக ஊர் திரும்பினார். திருப்பதி பஸ் ஸ்டாண்டுச் சுவரில் அந்த நோயின் பெயரை அப்போது பெரிய எழுத்தில் எழுதிவைத்திருந்தார்கள்; வீட்டில் யாரும் அதை வாயால் சொல்லவில்லை. அத்தை சத்தியவேட்டிலிருந்த தன் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். எங்கள் வீட்டுக்குப் பின்னால், பாவு நூல் போட்டுவைக்கும் அறையில் மாமாவைப் படுக்கவைத்தார்கள். அவருக்கென்று தனித்தட்டு, தனி டம்ளர். அம்மா வாசற்படியில் வைத்துவிட்டு வந்துவிடுவாள்.

ஒருநாள் அம்மா என்னை அடுப்படிக்குள் இழுத்து மெதுவாகக் கேட்டாள். "நீ நர்ஸுக்குப் படிக்கிறியே, உண்மையச் சொல்லு. தொட்டா ஒட்டிக்குமா? ஒரே டம்ளர்ல குடிச்சா வந்துடுமா?"

வராது என்று வகுப்பில் படித்திருந்தேன். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன். "தெரியலம்மா" என்றேன். வராது என்று சொன்னால், அப்போ நீயே உள்ளே போய் அவருக்குச் சோறு கொடு என்பாள். எனக்கு வரன் வேறு பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த ஒரு பொய்யால் என் தாய்மாமன் இன்னும் ஒரு மாதம் தொடுவார் இல்லாமல் கிடந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பாடற்குழுவில் முதல் வரிசையில் நின்று பாடினேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சலோமி அக்கா தூக்குப் பாத்திரத்தோடு வந்தாள். அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாத்துக்குடி வந்த?"

"சோறு எடுத்துக்கினு வந்தேன்க்கா."

"அவன் உன்ன இன்னா பேச்சுப் பேசினான், மறந்துட்டியா?"

"மறக்கலக்கா. வழி விடு."

நான் பின்னாலேயே போய் அறைக்கு வெளியே நின்றேன். அவளைப் பார்த்ததும் மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ரசம் ஊற்றிச் சோற்றைக் குழையப் பிசைந்தாள்.

துண்டுக்குள்ளிருந்து மாமா, "சலோமி, நான் அன்னிக்கு உன்னப் பத்தி..." என்று ஆரம்பித்தார்.

"சோறு ஆறிப்போவுதுண்ணா. துன்னு" என்றாள் அவள். துண்டை விலக்கி, கையாலேயே ஊட்டினாள்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு, திருவிருந்து நாள், மாமா கோவிலுக்குப் போகவேண்டும் என்று கேட்டார். சலோமி அக்கா ரிக்‌ஷா வைத்து அழைத்துவந்தாள். எங்கள் கோவிலில் அந்தக் காலத்தில் திராட்சரசத்துக்கு எல்லோருக்கும் ஒரே பாத்திரம்தான். ஒருவர் குடித்ததும் போதகர் துணியால் துடைத்து அடுத்தவருக்குத் தருவார். சபைப் பெரியவர்கள் போதகரின் காதில் ஏதோ சொன்னார்கள். யோசேப்பு கடைசியில் வரட்டும் என்று முடிவானது. ஆண்கள் போனார்கள். பெண்கள் போனார்கள். பாடற்குழுவும் போய் வந்தது. எல்லோரும் இடத்தில் உட்கார்ந்த பிறகு மாமா சுவரைப் பிடித்துக்கொண்டே போய்த் தனியாக மண்டியிட்டார்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து சலோமி அக்கா எழுந்தாள். அதுவரை அவள் போகாமல் இருந்ததை யாருமே கவனித்திருக்கவில்லை. முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு நடந்துபோய் மாமாவின் பக்கத்தில், அவருக்கு அடுத்தவளாக மண்டியிட்டாள். மாமா குடித்தார். போதகரின் கை நின்றது. அவள் முகத்தை நிமிர்த்திக்கொண்டு காத்திருந்தாள். அவர் பாத்திரத்தைத் தாழ்த்தினார், அவள் குடித்தாள். மீதியைப் போதகர்தான் குடிக்கவேண்டும், அது முறை. அவர் கொஞ்ச நேரம் பாத்திரத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் குடித்தார். கோவிலில் யாரோ விசும்புவது கேட்டது. திரும்பிப் பார்த்தேன், அம்மா.

அன்றைக்கு நான் திருப்பதி பஸ்ஸில் ஏறவில்லை. பின்னறைக்குப் போனேன். சலோமி அக்கா கிண்ணத்தில் வெந்நீர் வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "வா ரூத்து. முதுகுல புண்ணு வந்துக்கீது. நீ படிச்ச பொண்ணு, எப்படிக் கழுவறதுன்னு காட்டு" என்றாள்.

நான் அவள் எதிரில் உட்கார்ந்தேன். "அக்கா, தொட்டா ஒட்டாது, ஒரே பாத்திரத்துல குடிச்சாலும் ஒட்டாது. எனக்கு முன்னாடியே தெரியும். அம்மா கேட்டப்போ தெரியலன்னு சொல்லிட்டேன்."

அவள் என்னையே பார்த்தாள். "ஒட்டாதா?" என்றாள். அவள் முகத்தில் எத்தனை பெரிய நிம்மதி! "எனக்குத் தெரியாது ரூத்து. நேத்தெல்லாம் பயந்துக்கினுதான் இருந்தேன். ஆனா அவரு ஒண்டியா மண்டி போடப் போறாருன்னு நெனச்சா மனசு தாங்கல. ஆறு மாசம் ஒண்டியா ஒக்காந்தவ நான்." பிறகு கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள். "சரி, தண்ணி ஆறுது. சொல்லிக்குடு."

அவர் படுத்த பிறகு அன்றுதான் முதல்தடவையாக என் மாமாவைத் தொட்டேன். அவர் ஏழு வாரம் இருந்தார். அம்மாவும் சலோமி அக்காவும் முறை போட்டுக்கொண்டு பார்த்தார்கள். விடுமுறை நாட்களில் நான். தனித்தட்டு எங்கே போனதென்று தெரியவில்லை. மாமா போன அன்று அவர் தலை அம்மாவின் மடியில் இருந்தது.

இங்கே அயர்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். மைக்கேல் என்று ஒருவர், விவசாயம் பார்த்தவர், முதல் மூன்று மாதம் என் கை தன்மேல் படவே விடவில்லை. "எங்கள் ஆள் யாரையாவது அனுப்பு" என்று என் முகத்துக்கு நேராகவே சொல்வார். வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டு எழுதிய கடிதம் பல நாள் என் பையில் இருந்தது. கொடுக்கவில்லை. தினமும் கதவைத் தட்டி, பெயர் சொல்லி, தண்ணீர் சூட்டை என் புறங்கையில் பார்த்துவிட்டு, உடம்பு துடைத்துவிடட்டுமா என்று கேட்பேன், அவர் தலையை ஆட்டி மறுப்பார், மறுநாளும் கேட்பேன். ஒரு காலை அவர் கையை நீட்டினார். சில நாள் கழித்து, "உன்னிடம் நான் நடந்துகொண்ட விதம்..." என்று தடுமாறினார். என் வாயில் தானாக வந்தது: "டீ ஆறிப்போகும், குடியுங்கள்." அவர் குழம்பிப்போய் கோப்பைக்குள் பார்த்தார். "சூடாகத்தானே இருக்கிறது?" என்றார். எங்கள் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று விளக்க எனக்கு ஆங்கிலம் போதவில்லை. சேர்ந்து சிரித்தோம்.

போன வருஷம் ஊருக்குப் போயிருந்தேன். கோவிலில் எனக்கென்று முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள், விருந்தாளிக்குப் போடுவதைப்போல. அதை விட்டுவிட்டுக் கீழே சலோமி அக்கா பக்கத்தில் பாயில் உட்கார்ந்தேன். அவளுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. என் முழங்கால் மடங்கவில்லை. "இந்தாண்ட நீட்டு" என்று என் காலை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

கர்த்தரின் ஜெபம் தொடங்கியது. சித்தூரிலிருந்து வந்த புதுப்போதகர் தெலுங்கில் சொன்னார். பாதி சபை தெலுங்கில், பாதி தமிழில். என் வாய் ஆங்கிலத்தில் ஆரம்பித்துவிட்டது. அயர்லாந்தில் இதே ஜெபத்தை எல்லோரும் ஆங்கிலத்தில் சொல்லும்போது எனக்குத் தமிழில்தான் வரும். பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எங்கே நிற்கிறேனோ அந்த இடத்தின் மொழி மட்டும் வருவதில்லை. வெட்கப்பட்டு நிறுத்திவிட்டேன். சலோமி அக்கா அதைக் கவனித்திருக்கவேண்டும். கண்ணைத் திறக்காமலே குரலைக் கொஞ்சம் உயர்த்தி, தமிழில், சொல் சொல்லாக, மெதுவாகச் சொன்னாள். நான் அவளுக்கு ஒரு சொல் பின்னாலேயே சொல்லிக்கொண்டு போனேன்.