கொள்ளுத்தாத்தாவின் எடை

கல் குவாரி வாசலில் இருக்கும் எடைமேடைக்கு மனசாட்சி உண்டோ இல்லையோ, அதற்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கும் அம்மாளுக்கு உண்டு. இதில் ஊருக்குச் சந்தேகமே கிடையாது. லாரிக்காரர்கள் அவருக்கு எடைமேடையக்கா என்று பெயர் வைத்தார்கள். பிறகு ஊரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தது. வீட்டில் வைத்த பெயரைச் சொல்லிக் கேட்டால் தபால்காரரே சற்று யோசிப்பார்.

வெறும் வண்டியாக உள்ளே போகும்போது ஓர் எடை, கல் ஏற்றி வெளியே வரும்போது ஓர் எடை. வித்தியாசத்தைச் சீட்டில் அச்சடித்துக் கொடுப்பது அக்காவின் வேலை. வண்டி மேடையில் நிற்கும்போது உள்ளே மனிதர்கள் யாரும் இருக்கக் கூடாது என்பது அவர் சட்டம். முதலாளியின் மைத்துனர் ஒருநாள் லாரியின் முன்சீட்டில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவரையும் தட்டி எழுப்பி வெயிலில் இறக்கி நிறுத்திவிட்டுத்தான் அக்கா பொத்தானை அமுக்கினார்.

“நான் யார் தெரியுமா?” என்றார் மைத்துனர்.

“தெரியும் சார். அதனாலதான் இறங்கச் சொன்னேன். உங்கள கல்லு விலைக்கு வித்தா முதலாளி வருத்தப்படுவாரு.”

இப்படிப்பட்டவரிடம் ஒரே ஓர் ஓரவஞ்சனை இருந்தது. வெளி வண்டிகளும் அங்கே எடை பார்க்க வருவதுண்டு. அப்படி வருபவர்களில் வெல்டர் ஒருவர். கடையில் சேரும் பழைய இரும்பை மாதத்துக்கு ஒருமுறை சின்ன லாரியில் ஏற்றிக்கொண்டு வருவார். எல்லோருடைய வண்டிக்கும் ஒரு தடவை எடை பார்க்கும் அக்கா, வெல்டர் வண்டியை மட்டும் மேடையை விட்டு இறக்கி, மறுபடி ஏற்றச் சொல்லி, இரண்டு தடவை பார்ப்பார். இரண்டு தடவையும் எடை ஒன்றாகவே வரும். அதனால் அக்காவின் சந்தேகம் தீர்ந்ததாகத் தெரியவில்லை. வெல்டரும் கேள்வி கேட்டதில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பள்ளியில் படித்தவர்கள்தான். அவர் அக்காவிடம் பேசிய ஒரே வார்த்தை, “வரட்டுங்களா மேடம்?”

காரணம் அக்காவின் மேசையிலேயே இருந்தது. விசிறிக் காற்றில் சீட்டுகள் பறக்காமலிருக்க அவர் வைத்திருந்த பழைய இரும்பு எடைக்கல் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதன் தலையில் ஒரு சேவல் முத்திரை. அந்தக் குடும்பத்தில் அது சொத்தாக அல்ல, சாட்சியமாகக் கைமாறி வந்த பொருள்.

அக்காவின் கொள்ளுத்தாத்தா தானியக் கடை வைத்திருந்தவர். ஒரு மழைக்காலத்தில் ஆற்று வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போன குழந்தையைக் காப்பாற்றக் குதித்து உயிரை விட்டார். குழந்தை யாருடையது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இந்நேரம் அதற்கும் நாலு பேரப்பிள்ளைகள் கிடைத்திருப்பார்கள். உடல் வெகுதூரம் தள்ளி ஒதுங்கியதாம். பார்க்கும் நிலையில் இல்லாததால் கொள்ளுப்பாட்டியே போய், பெட்டியில் வைத்து ஆணி அடித்து, வண்டியில் கொண்டுவந்தாள். ஊரே திரண்டு அடக்கம் செய்தது. எல்லோரும் கல்லறையில் நின்ற நேரத்தில் கடையில் திருடன் புகுந்துவிட்டான். எடைக்கற்கள் அத்தனையும் போயின. மிஞ்சியது மேலே சொன்ன சின்னது மட்டும்.

இரும்பைத் திருடி யாருக்கு என்ன லாபம்? கொல்லருக்குத்தான். கொல்லர் பட்டறையோ அடுத்த கட்டடம். அந்தக் கற்களை அடித்து, சேவல் முத்திரை குத்திக் கொடுத்தவரும் அவரே. செய்தவனுக்கு எடுத்துக்கொள்ளவும் தெரியும் என்று கொள்ளுப்பாட்டி வாசலில் நின்று சொன்னாள். ஒரு விதவை சொல்லும்போது ஆதாரம் கேட்பது நாகரிகமாகாது. அன்றிலிருந்து கொல்லர் வீட்டுக்கு ‘எடைக்கல் வீடு’ என்று பெயர். அவருடைய கொள்ளுப்பேரன்தான் வெல்டர். ஊர்ச் சங்கத்தில் தலைவர், செயலாளர் என்று சுற்றி வந்த பதவிகளில் பொருளாளர் பதவி மட்டும் அந்த வீட்டு வாசலை மிதித்ததில்லை.

குவாரி வளர்ந்தது. மலையின் முன்பக்கத்தைத் தின்று முடித்து, கல்லறை இருக்கும் பின்சரிவுக்கு வந்து சேர்ந்தது. தலைமாட்டுக் கற்களையெல்லாம் இதே மலையில்தான் வெட்டி எடுத்திருந்தார்கள். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கும் உரிமை மலைக்கு உண்டு என்று கம்பெனி நினைத்திருக்கலாம். சாலைக்கு அந்தப் பக்கம் சமநிலம் கொடுத்தார்கள், மரப்பெட்டிகள் கொடுத்தார்கள், மேற்பார்வைக்கு ஓர் இளம் இன்ஜினியரம்மாவையும் கொடுத்தார்கள். பழைய இடத்தில் முதன்முதலாகப் புதைக்கப்பட்டவருக்குப் புதிய இடத்தில் முதல் வரிசையின் நடுவில் இடம், சுற்றி இரும்புக் கம்பி வேலி.

முதலில் புதைக்கப்பட்டவர் கொள்ளுத்தாத்தா. அக்காவின் தம்பி இதைத் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார். குடும்ப வரலாறு ஒன்று எழுதி அச்சிட்டிருந்தார். அது கொள்ளுத்தாத்தாவில் தொடங்கித் தன்னில் வந்து முடியும். கம்பி வேலியை அடித்துக் கொடுக்கும் வேலை வெல்டருக்குப் போனதில்தான் அவருக்குக் கொஞ்சம் வருத்தம். “கம்பிய எண்ணி வாங்குங்க” என்று இன்ஜினியரம்மாவிடம் தனியாகச் சொல்லி வைத்தார்.

தோண்டிய அன்று கல்லறையில் அக்கா, வாத்தியார், இன்ஜினியரம்மா, மண்வெட்டியோடு இரண்டு ஆட்கள் மட்டும் இருந்தார்கள். பெட்டியின் பலகை மக்கி மண்ணோடு மண்ணாகியிருந்தது. ஆட்கள் கையால் மண்ணை விலக்கினார்கள். முதலில் ஆணிகள் வந்தன. அடுத்து கூழாங்கற்கள். அதற்கும் கீழே துரு ஏறிய இரும்பு எடைக்கற்கள், பெரியதும் நடுத்தரமுமாக.

“இன்னும் ஆழமா தோண்டுங்கப்பா” என்றார் வாத்தியார்.

தோண்டினார்கள். பாறை வந்தது.

“சார், ஆள் இல்ல” என்றான் ஒருவன், பஸ்ஸில் சீட் இல்லை என்பது போல.

“மக்கிப் போயிருப்பாரு. எவ்வளவு காலமாச்சு!”

இன்ஜினியரம்மா தயங்கினார். “சார், பக்கத்துக் குழிங்க எல்லாத்துலயும் எலும்பு முழுசா கிடைச்சிருக்கு. இந்த மண்ணுல கெடாது.”

“எங்க தாத்தாவுக்கு எலும்பு மெலிசும்மா.”

“அப்ப வெள்ளத்துல எந்த தைரியத்துல குதிச்சாரு?” என்றார் அக்கா. பேசிக்கொண்டே ஒரு கல்லை எடுத்துப் புடவைத் தலைப்பால் தேய்த்தார். துரு உதிர்ந்தது. கொண்டையும் வாலுமாகச் சேவல் எட்டிப் பார்த்தது.

தம்பி பார்த்தார். சரித்திர வாத்தியார் அல்லவா, சமாளிக்க ஒரு நொடி போதும். “தொழில்மேல அவ்வளவு பக்தி. எடைக்கல்லோட வச்சு புதைச்சிருக்காங்க. அது ஒரு மரியாதை.”

“கூழாங்கல்லு?”

“அது… ஆத்துல செத்தாருல்ல.”

அக்கா குழியருகில் குனிந்தார். ஒவ்வொரு கல்லாகக் கையில் தூக்கிப் பார்த்தார். இரும்பு இவ்வளவு, கூழாங்கல் இவ்வளவு. கூட்டிப் பார்த்தால் நடுத்தர உடம்புள்ள ஓர் ஆள். தூக்குகிறவர்களுக்குச் சந்தேகம் வராதபடி சரியாக எடை கட்டியிருக்கிறாள் கிழவி. அந்தக் குடும்பத்தில் எடை பார்க்கத் தெரிந்த முதல் ஆள் தான் இல்லை என்று அக்காவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

மீதியும் தானாக விளங்கிவிட்டது. ஆள் கிடைக்கவில்லை, அல்லது கிடைக்க அவருக்கு விருப்பமில்லை. ஓடிப்போனவனின் மனைவியாக இருப்பதைவிட வீரனின் விதவையாக இருப்பது மேல் என்று அவள் முடிவு செய்திருக்கிறாள். அந்தப் பொய்யால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் மறுநாள் கடையைத் திறந்தால் எடைக்கல் எங்கே என்று கேட்பார்களே! முதல் பொய்க்கு ஆள் இல்லாத பெட்டி போதுமாயிருந்தது. இரண்டாவது பொய்க்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. பக்கத்திலேயே கொல்லர் இருந்தார்.

இன்ஜினியரம்மாவின் கவலை வேறு. “எங்களுக்கு உத்தரவு, குழியில என்ன இருக்கோ அத பத்திரமா மாத்தணும். இது இருக்கு. மாத்திடறேன்” என்றார். புதுப்பெட்டியில் எல்லாவற்றையும் அடுக்கி ஆணி அடித்தார்கள்.

மறுநாள் வாத்தியார் எடைமேடை அறைக்கே வந்துவிட்டார். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அக்கா, நீ வாயத் திறக்க மாட்டல்ல?”

“எதுக்கு?”

“எதுக்கா? ஊரே வருது நாளைக்கு. நான் பேசப் போறேன். முதல் வரிசை, கம்பி வேலி, எல்லாம் ஒரு மனுஷனுக்காகக் குடுத்தது. உள்ள கல்லுதான்னு தெரிஞ்சா நம்ம மூஞ்சிய எங்க கொண்டு போய் வைக்கறது?”

“எடைக்கல் வீட்டுக்காரங்க இத்தனை நாளா எங்க வச்சிருந்தாங்களோ, அங்க வச்சுக்கலாம்.”

“அவங்களுக்குப் பழகிடுச்சுக்கா. நமக்குப் பழக்கமில்ல.”

இதைவிட நேர்மையான வாக்குமூலத்தைத் தம்பி அதற்கு முன்னும் கொடுத்ததில்லை, பின்னும் கொடுக்கவில்லை. அவர் போன பிறகு அக்கா மேசைமேல் இருந்த சேவலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். குடும்பத்தின் சாட்சி எதிர்க்கட்சிக்கு மாறிவிட்டது. வாயைத் திறந்தால் கொள்ளுத்தாத்தா போவார், தம்பி பேச்சை நிறுத்துவார், முப்பது வருஷமாக ஒரு வண்டியை மட்டும் இரண்டு தடவை ஏற்றி இறக்கிய நியாயமும் போகும். திறக்காவிட்டால் ஒன்றும் போகாது. எல்லாம் அப்படியே இருக்கும், எடைக்கல் வீடு உட்பட. வெளியே இரண்டு லாரிகள் ஹாரன் அடித்தன. அன்றைக்கு மட்டும் அக்கா அவர்களைக் காக்க வைத்தார்.

மறுநாள் ஊரே புதிய கல்லறையில் கூடியிருந்தது. வாத்தியார் வெள்ளைச் சட்டையில், மடித்த காகிதத்தோடு. கம்பி வேலியின் கடைசிப் பக்கத்தைப் பொருத்துவதற்காக வெல்டர் ஓரமாகக் காத்திருந்தார். பெட்டியை இறக்கும்போது கயிறு பிடித்த ஆள் தடுமாற, வெல்டர் ஓடிவந்து தோள் கொடுத்தார்.

“அப்பா! என்ன இது, இந்தக் கனம் கனக்குது?”

“கனக்கத்தான் செய்யும்” என்றார் அக்கா. சத்தமாகவே சொன்னார், லாரி இன்ஜின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல். “உங்க தாத்தா திருடின எடைக்கல் அத்தனையும் உள்ளதான் இருக்கு.”

தம்பியின் காகிதம் கையிலிருந்து நழுவியது. மூடியைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தார்கள். ஊர் எட்டிப் பார்த்தது. முதல் வரிசையில் நின்ற ஒரு பெரியவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“அப்ப ஒண்ணு செஞ்சிருக்கலாம். கொல்லன் திருடிட்டு, மாட்டிக்குவோம்னு பயந்து, பொட்டிக்குள்ளயே ஒளிச்சு வச்சிருக்கலாம்ல?”

பலர் தலையாட்டினார்கள். நாலு தலைமுறை நம்பிக்கையை ஒரு நிமிஷத்தில் விட்டுக்கொடுக்க யாருக்குத்தான் மனம் வரும்!

“ஏன் மாமா, ஆணி அடிச்சது எங்க பாட்டி. அடக்கம் முடியற வரைக்கும் பொட்டிய விட்டு நகரலன்னு நீங்கதான வருஷா வருஷம் சொல்லுவீங்க?” அக்கா இடுப்பிலிருந்து சின்ன எடைக்கல்லை எடுத்தார். பெரிய கற்களின் வரிசையில் கடைசியாக வைத்தார். பிள்ளைகளை உயரப்படி நிறுத்தியது போல வரிசை முடிந்தது. “எல்லாம் சரியா இருக்கு. ஒண்ணும் குறையல.”

“அப்ப தாத்தா எங்க?” என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

“அது எனக்குத் தெரியாது. இந்தக் கடையில காணாமப் போனது அவர் மட்டும்தான்.”

யாரோ சிரித்துவிட்டார்கள். வெல்டர் சிரிக்கவில்லை. சேவல் முத்திரையைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். “நல்ல வேலைப்பாடு” என்று சொல்லிவிட்டு வெல்டிங் கம்பியை எடுக்கப் போய்விட்டார்.

பிறகு நடந்தவை வழக்கம்போல் நடந்தன. குழியில் இருந்ததை மாற்றவேண்டும் என்பதுதானே உத்தரவு? எடைக்கற்கள் முழு மரியாதையோடு முதல் வரிசையின் நடுவில் அடக்கம் செய்யப்பட்டன. அவற்றைச் சுற்றி, அவற்றைச் செய்தவரின் கொள்ளுப்பேரன் அடித்த வேலி நிற்கிறது. வாத்தியார் காகிதத்தைப் பொறுக்கி எடுத்து, வெள்ளத்தைப் பற்றிய பக்கத்தை மட்டும் தாண்டிப் பேசினார். பேச்சு முன்னைவிட நன்றாக இருந்தது என்று கேட்டவர்கள் சொன்னார்கள். அக்காவோடு மட்டும் அவருக்குப் பேச்சு நின்றுபோயிற்று. ஊர்ச் சங்கம் கூடி, வெல்டருக்குப் பொருளாளர் பதவி கொடுக்க முன்வந்தது. தனக்குக் கணக்கு வராது என்று அவர் மறுத்துவிட்டார். அதற்கும், பயம்தான், வேறென்ன, என்று சொன்னவர்கள் உண்டு.

மாதம் பிறந்ததும் வெல்டரின் வண்டி எடைமேடைக்கு வந்தது. வழக்கம்போல் இறங்கி ஓரமாக நின்றார். அக்கா பொத்தானை அமுக்கினார், சீட்டை அச்சடித்து நீட்டினார்.

“அவ்வளவுதான். போங்க.”

வெல்டர் அதை வாங்கவில்லை. “ரெண்டாவது தடவை?”

“வேண்டாம்.”

“என்ன மேடம் இது, நாலு பேர் பாத்தா என்ன நினைப்பாங்க?”

அக்கா தலை நிமிரவில்லை. “இத்தனை நாள் ஏத்தி இறக்கினது தப்பு” என்றார், மேசையைப் பார்த்தபடி.

அந்த நேரம் விசிறி இந்தப் பக்கம் திரும்பியது. மேல் வைக்க ஒன்றும் இல்லாத சீட்டுகள் எழுந்து அறை முழுக்கப் பறந்தன. அக்கா ஒரு மூலையிலும் வெல்டர் இன்னொரு மூலையிலுமாகக் குனிந்து பொறுக்கினார்கள். வெல்டர் வெளியே போனார். வண்டியில் கிடந்த இரும்புக் குவியலிலிருந்து கைப்பிடி அளவு பெரிய நட்டு ஒன்றைத் தேடி எடுத்து, வேட்டியில் துடைத்து, கொண்டுவந்து சீட்டுகளின்மேல் வைத்தார்.

“இருக்கட்டும். இதுக்கு முத்திரை எல்லாம் கிடையாது.”

அக்கா நட்டைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், கையிலிருந்த சீட்டைப் பார்த்தார்.

“இப்ப எடை குறைஞ்சிருக்குமே.”

“இத்துனூண்டு நட்டுக்கா? உங்க மேடைக்கு அது தெரியவே தெரியாது.”

“மேடைக்குத் தெரியாது” என்றார் அக்கா, சீட்டைக் கிழித்துக் கூடையில் போட்டுக்கொண்டே. “வண்டிய இறக்கிட்டு மறுபடி ஏத்துங்க.”