மாமியாரின் தோட்டைச் சுத்தம் செய்தது

உலோகங்களைச் சுத்திகரிப்பது எப்படி என்று கல்லூரியில் இருபது வருடத்துக்கு மேல் பாடம் நடத்தியவன் நான். மின்னாற்பகுப்பைப் படம் போட்டு விளக்கினால் கடைசி பெஞ்சுகூட நோட்டை எடுக்கும். ஆனால் என் கையால் ஒரு குண்டுமணித் தங்கத்தைக்கூடச் சுத்தம் செய்தது கிடையாது. இதை யாரிடமும் சொன்னதில்லை.

மாமியார் போன பிறகு அவருடைய தோடு ஒன்று என் மனைவிக்கு மிஞ்சியது. ஜோடி எப்போதோ தொலைந்துவிட்டது. அம்மாவின் ஞாபகமாக அவளிடம் வேறொன்றும் இல்லை.

“சாலைக் கடைத்தெருவுல ஆசாரிகிட்ட குடுத்து இதுக்கு ஒரு கொக்கி மட்டும் வச்சுண்டு வாங்கோ. சங்கிலில கோத்துப் போட்டுக்கறேன்” என்றாள்.

கரமனையிலிருந்து பஸ் ஏறினால் வேலை முடிந்தது. எனக்குள் இருந்த பேராசிரியர் விடவில்லை.

“பழைய நகை. செம்பு எவ்வளவு கலந்திருக்கோ? நானே சுத்தத் தங்கமாக்கித் தரேன். ஆசாரி இதே மாதிரி புதுசாப் பண்ணட்டும்.”

“சுத்தமெல்லாம் யார் கேட்டா?” என்றாள். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவளுடைய பழைய வெள்ளிக் கொலுசையும் கேட்டபோது ஒரு மாதிரி பார்த்தாள். தங்கத்தைச் சுத்தம் செய்ய வெள்ளியைக் கலப்பதா? ஆமாம். தங்கம் அதிகம் இருந்தால் நைட்ரிக் அமிலம் உள்ளே நுழையாது. மூன்று பங்கு வெள்ளி சேர்த்து உருக்கினால், வெள்ளியையும் செம்பையும் அமிலம் கரைத்துவிடும். தங்கம் மட்டும் அடியில் பழுப்புத் தூளாகத் தங்கும். சமையலறையில் நின்றபடி முழு வகுப்பே எடுத்தேன். அவள் கொலுசைக் கொடுத்தது, நான் பேச்சை நிறுத்தினால் போதும் என்றுதான் இருக்க வேண்டும்.

சனிக்கிழமை ஆய்வகம் காலி. உருக்கினேன், தட்டித் தகடாக்கினேன், அமிலத்தில் போட்டேன். புகை மூக்கை எரித்தது. எல்லாம் புத்தகத்தில் உள்ளபடியே நடந்தது. நீலக் கரைசலை இறுத்துவிட்டுப் பார்த்தால், பீக்கரின் அடியில் காப்பிப்பொடி மாதிரி தங்கம். மெய்சிலிர்த்துப் போய் கை கழுவப் போனேன்.

திரும்பி வந்தால் மேசைமேல் மண்டி படிந்த பீக்கர். வேலை முடிந்ததும் பீக்கரைக் கழுவி வைக்காத மாணவனை நான் சும்மா விட்டதே இல்லை. கை தானாக அதை எடுத்தது. குழாயைத் திறந்து, பிரஷ் போட்டுச் சுழற்றி, அலசிக் கவிழ்த்தும் வைத்துவிட்டேன். அதன் பிறகுதான் எனக்கு உயிர் போயிற்று.

சிங்க்கின் அடியில் மல்லாந்து படுத்து, வளைந்த குழாயைக் கழற்றி, உள்ளே இருந்த சேற்றை டிபன் பாக்ஸில் வழித்துக்கொண்டு சாலைக் கடைத்தெருவுக்கு ஓடினேன். நாகர்கோவில்காரரான ஆசாரி மூடியைத் திறந்து முகம் சுளித்தார்.

“சாரே, இது என்ன சாக்கடையா?”

“தங்கம்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டு, ஒரு சின்ன மஞ்சள் மணியைக் காட்டினார். “வெள்ளிதான் நெறைய கெடந்து. உங்க காலேஜ் பிள்ளைகள் ஊத்துன வெள்ளிக் கரைசலா இருக்கும். தங்கம் முக்காவாசி வந்துட்டு.” சொல்லிக்கொண்டே, நான் கேட்ட தோட்டுக்காகச் செம்புத் துண்டு ஒன்றைக் கிள்ளினார்.

“செம்பு எதுக்கு?”

“பின்னே? தனித் தங்கம் வளைஞ்சு போவும்லா. செம்பு சேத்தாத்தான் கொக்கி நிக்கும்.”

நான் மூக்கெரிய வெளியே அனுப்பியதை அவர் கண்ணெதிரே உள்ளே போட்டார்.

வீட்டில் எதையும் மறைக்கவில்லை. மனைவி திட்டவும் இல்லை. புதுத் தோட்டைத் திருப்பிப் பின்பக்கத்தை வெகுநேரம் பார்த்தாள்.

“திருகாணி ஓரத்துல மஞ்சள் ஒட்டிண்டிருந்தது. அம்மா பூசிக் குளிச்ச மஞ்சள். அதுவும் ஆசிட்ல போயிடுத்தா?”

இல்லை. அமிலத்துக்கு முன்னாலேயே, மேலழுக்கை நீக்குவது முதல் படி என்று, சோப்புப் போட்டு, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் இடுக்கு விடாமல் தேய்த்துக் கழுவியிருந்தேன். அந்த வேலை முழுவதிலும் நான் பிழையில்லாமல் செய்தது அது ஒன்றுதான்.