எந்தப் பொய், அண்ணாச்சி?

கோயிலில் பாவத்தைச் சொல்லும் கூண்டின் பலகைத் தட்டியில் சின்னச் சின்ன ஓட்டைகள். அதற்கு அந்தப் பக்கம் வெள்ளை அங்கி போட்ட ஒரு தோள் மட்டும் தெரிந்தது. நான் முழங்காலிட்டு, வருடா வருடம் ஒப்பிக்கிற பட்டியலை ஒப்பித்துக்கொண்டிருந்தேன். "சாமி, கோபப்பட்டேன். கெட்ட வார்த்த பேசினேன். ரெண்டு ஞாயித்துக்கெழம பூசைக்கு வரல. பொய் சொன்னேன்." வழக்கமாக இந்த இடத்தில் அந்தப் பக்கமிருந்து ஓர் 'உம்' வரும். பிறகு, அபராதமாக மூன்று அருள் நிறைந்த மரியே செபம் சொல்லச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். அன்று 'உம்' வரவில்லை. ஓர் இளங்குரல் சாதாரணமாகக் கேட்டது: "எந்தப் பொய், அண்ணாச்சி?"

எங்கள் கடற்கரைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனம் கேட்க வெளியூரிலிருந்து இரண்டு மூன்று சாமியார்களை வரவழைப்பார்கள். அன்று எங்கள் பங்குச் சாமியாரின் முன்னால் நாலு கிழவிகள்தான் நிற்பார்கள். மற்ற கூட்டம் முழுக்க வெளியூர்ச் சாமியாரின் வரிசையில். குரலை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க மாட்டார், நாளைக்கு மீன் கடையில் எதிரே வர மாட்டார் என்கிற தைரியம். கடவுளுக்குத் தெரிந்தால் பரவாயில்லை, பங்குச் சாமியாருக்குத் தெரிந்துவிடக் கூடாது! நானும் பதினோரு வருடமாக அந்த வரிசையில்தான் நின்றேன். அங்கேயும் உண்மையைச் சொன்னேனா என்றால், அதுவும் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மாதிரி, ஒரு மனிதனின் சாவை "பொய் சொன்னேன்" என்ற இரண்டு வார்த்தைக்குள் புதைத்துச் சொன்னேன். சொல்லிவிட்டோம் அல்லவா, மன்னிப்புக் கிடைத்துவிட்டது அல்லவா என்று எழுந்துபோய், பூசையில் நன்மை அப்பமும் வாங்கினேன். நாக்கில் அது கரைவதற்குள் கோயிலை விட்டு வெளியே வந்துவிடுவேன்.

செத்தது என் பெரியப்பா மகன். எனக்கு அண்ணன். சங்கு குளிப்பதில் அவரைப் போல நிதானமான ஆள் எங்கள் தெருவில் கிடையாது. அண்ணன் வாயில் காற்றுக் குழாயைக் கவ்விக்கொண்டு அடியில் இறங்குவார். மேலே வள்ளத்தில் கம்ப்ரசரைப் பார்த்துக்கொள்வதும் அவர் இடுப்பில் கட்டிய கயிற்றைக் கையில் பிடித்திருப்பதும் என் வேலை. எந்திரம் நின்றால் தொட்டியில் சில நிமிடத்துக்குக் காற்று இருக்கும். அதற்குள் கயிற்றை மூன்று முறை இழுத்துவிட வேண்டும், அவர் ஏறி வந்துவிடுவார். அன்று மற்ற ஆட்கள் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டதால் நாங்கள் இருவர்தான் போனோம். கிளம்பும்போது நான் டீசல் ஊற்ற மறந்தேன். அதுகூடப் பெரிய தப்பு இல்லை. உச்சி வெயிலில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, கயிற்றைக் காலில் சுற்றிக்கொண்டு நான் தூங்கிப்போனேன். எந்திரத்தின் சத்தம் எனக்குத் தாலாட்டு. என்னை எழுப்பியது அந்தச் சத்தம் நின்றுபோன அமைதிதான். எவ்வளவு நேரத்துக்கு முன்னால் நின்றது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இழுத்தேன். கயிறு கனமாக வந்தது.

கரையில் கூட்டம் கூடிவிட்டது. "கயித்த இழுத்தியாலே?" என்று ஒரு பெரியவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். இழுத்தேன் என்றேன். "அப்புறம் ஏன் வரல?" என் வாய் எனக்கு முன்னால் ஓடியது. "காலையிலயே ஊத்திட்டுத்தான் எறங்குனாரு. நான் சொன்னா கேக்கல." அவ்வளவுதான். ஒரு காலத்தில் அண்ணன் நன்றாகக் குடித்த ஆள் என்பதால் யாரும் மறு கேள்வி கேட்கவில்லை. தண்ணியப் போட்டுட்டுத் தண்ணிக்குள்ள போனான் என்று அன்று சாயங்காலமே ஊர் பேசியது. பெரிய ஆஸ்பத்திரியில் அறுத்துப் பார்த்து ஏதோ எழுதிக் கொடுத்தார்கள். எங்களில் யாரும் அதை வாங்கிப் படிக்கவில்லை. படிக்க என்ன இருக்கிறது, கூட இருந்தவனே சொல்லிவிட்டானே!

இந்தப் பொய் அண்ணன் பெண்டாட்டியை, என் மைனியை, என்ன செய்தது என்று சொல்ல வேண்டும். அண்ணன் குடியை விட்டது சும்மா இல்லை. மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று, மாதா பீடத்துக்கு முன்னால், அந்தப் பச்சைப் பிள்ளையின் தலையில் கையை வைத்துச் சத்தியம் செய்துதான் விட்டார். பிள்ளை தலையில் அடித்த சத்தியத்தை முறித்தால் அது பிள்ளையைத்தான் பிடிக்கும் என்பது எங்கள் பெண்களின் நம்பிக்கை. சாமியார்கள் எத்தனை பிரசங்கம் வைத்தாலும் அது போகாது. அண்ணன் செத்த பிறகு அந்தப் பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தால், சளி பிடித்தால், பள்ளிக்கூடத்தில் கீழே விழுந்தால், மைனி வானத்தைப் பார்த்து அண்ணனை ஏசுவாள். "எம் புள்ள தலையில அடிச்சிட்டுப் போயி குடிச்சியே, பாவி!" அவள் ஏசும்போது பக்கத்தில் மாத்திரையும் கையுமாக நிற்பவன் நான்தான். கடலை விட்டுவிட்டு, துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு குடோனில் காவலாளி ஆகியிருந்தேன். தூக்கம் என்னை விட்டுப் போய்விட்டதால் அந்த வேலை எனக்குச் சிரமமாக இல்லை.

"எந்தப் பொய், அண்ணாச்சி?" என்று அந்தச் சின்னச் சாமியார் கேட்டபோது எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. நேற்றுக் குருப்பட்டம் வாங்கிய பயல், வரிசை வாசல் வரைக்கும் நிற்கிறது, கேள்வியைப் பார்! எழுந்து போய்விடலாம் என்று ஒரு காலை ஊன்றினேன். எழ முடியவில்லை. அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். டீசல், துண்டு, கயிறு, பிள்ளையின் காய்ச்சல் வரைக்கும் சொன்னேன். பிறகு அவர் தணிந்த குரலில் சொன்னார்: "ஆண்டவரு உங்கள மன்னிக்கிறாரு, அண்ணாச்சி. அதுல சந்தேகமே வேண்டாம். ஆனா அந்த அம்மா இன்னும் ஒங்க பொய்க்குள்ளதான இருக்காங்க? அவங்கள வெளிய கூட்டிட்டு வாங்க. அதான் அபராதம்." மூன்று அருள் நிறைந்த மரியே எவ்வளவு சுலபம் என்று அப்போதுதான் தெரிந்தது.

நாலு நாள் தள்ளிப்போட்டேன். புனித வாரத்துப் புதன்கிழமை மத்தியானம் போனேன். மைனி வாசலில் உட்கார்ந்து சாளை மீன் உரசிக்கொண்டிருந்தாள். மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். "என்னலே தம்பி, இந்த வெயில்ல?" என்றாள். நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். நான் சொல்லி முடித்த பிறகும் அவள் கை நிற்கவில்லை. சட்டியில் இருந்த கடைசி மீன் வரைக்கும் உரசினாள். கையைக் கழுவினாள்.

"அப்போ அவரு குடிக்கலையா?"

"இல்ல மைனி."

"ஒரு சொட்டுகூடவா?"

"டீதான் மைனி குடிச்சாரு. நான்தான் வாங்கிக் குடுத்தேன்."

என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. ஈரக் கையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "பெட்டிய மூடுறதுக்கு முன்னால, கடைசி முத்தம் குடு ஏளான்னு எல்லாரும் என்னப் புடிச்சித் தள்ளுனாவ. நான் குடுக்கல. மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். நீ பாத்துக்கிட்டுத்தான நின்ன?"

நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். பெட்டியின் தலைமாட்டில் நின்றேன். அந்த நிமிடம் வாயைத் திறந்திருந்தால்கூடப் போதும்.

"நீ சாமிட்டச் சொல்லிட்ட. நான் யாருட்டலே போயி சொல்லுவேன்?" என்றாள். பிறகு, "போயிரு. இனி இந்த வாசல மிதிக்காத" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அன்று சாயங்காலமே கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்களிடமும் போய்ச் சொன்னேன். எங்கே பேரைக் கெடுத்தேனோ அங்கேதானே சொல்ல வேண்டும்? ஒருவர் காறித் துப்பினார். இன்னொருவர், "செத்து பதினோரு வருசம் ஆச்சு, இப்ப எதுக்குலே இதச் சொல்லுத?" என்று சலித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து படுத்தேன். படுத்ததும் தூங்கிவிட்டேன். பாவத்தைச் சொன்னால் சமாதானம் கிடைக்கும் என்று பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். பொய் இல்லை, கிடைத்தது. ஆனால் அதில் சந்தோசம் எதுவும் இல்லை. பாரம் இறங்கிய தோளில் கயிற்றுத் தழும்பு எரிகிறது, அவ்வளவுதான். அந்தப் பாரத்தை நான் இறக்கிவைத்த இடம் மைனியின் மடி என்பதும் எனக்குத் தெரிகிறது. மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

ஈஸ்டர் ஞாயிறு, உயிர்ப்புத் திருநாள் பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். மைனி எனக்கு முன்னால் அண்ணன் கல்லறையில் இருந்தாள். மகளும் கூட நின்றாள். நான் வாசலிலேயே நின்றுகொண்டேன். இத்தனை வருடம் மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துவிட்டு விறுவிறுவென்று திரும்பிவிடுகிற பெண் அவள். அன்று தரையில் உட்கார்ந்து, அண்ணனின் பேரைச் சொல்லி, ஊரே திரும்பிப் பார்க்க அழுதாள். பிறகு முந்தானையால் சிமெண்டுச் சிலுவையின் தூசியைத் துடைத்தாள். இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, வெகுநேரம் முத்தமிட்டாள். மணி பத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்த வெயிலில் சிமெண்டு சுட்டிருக்கும்.