பொன்னுக்கு வீங்கி வந்த வாரம்

செவ்வாய்க்கிழமை காலை இட்லியை மெல்ல முடியவில்லை. சாயங்காலத்துக்குள் இரண்டு காதுக்கும் கீழே வீங்கிவிட்டது. வியாழக்கிழமை இன்டர்வியூ. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அந்த வேலைக்காக வீடே காத்திருந்தது.

"பொன்னுக்கு வீங்கிடா. தங்கம் போட்டா இறங்கிடும்," என்று அம்மா மாடி வீட்டு அக்காவிடம் சங்கிலி வாங்கி வந்து என் கழுத்தில் போட்டாள். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினாள்.

அன்று இரவே தாம்பரத்தில் டாக்டர் காதுக்குக் கீழே அழுத்திப் பார்த்தார். வாய்க்குள் டார்ச் அடித்தார்.

"மம்ப்ஸ். பக்கத்துல யாருக்காவது வந்துச்சா?"

"மாடி வீட்டுப் பாப்பாவுக்கு சார். இதே சங்கிலிதான் போட்டாங்க. இறங்கிடுச்சு," என்றாள் அம்மா பெருமையாக.

அந்தப் பாப்பாவுக்கு நான்தான் வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுப்பேன். சங்கிலி போட்டாச்சு, இனி ஒட்டாது என்று வீக்கத்தோடேயே அனுப்பினார்கள். என் தம்ளரில்தான் தண்ணீர் குடிப்பாள்.

"எச்சில்ல, இருமல்ல பரவும்மா. ரெண்டு மூணு வாரம் கழிச்சு வீங்கும். சங்கிலி தடுக்காது."

"எல்லா ஊசியும் போட்டமே சார்."

"கவர்ன்மென்ட்ல போடற ஊசில இது கிடையாதும்மா. வெளியில போட்டுக்கணும்." என்னிடம் திரும்பினார். "வீங்கினதுலேருந்து அஞ்சு நாள் தனியா இருங்க. விதைப்பைல வலி வந்தா உடனே வாங்க."

"நாளன்னிக்கு இன்டர்வியூ சார்."

"போகாதீங்க."

கொத்து வேலைக்குப் போகும் அப்பா ஒப்பவில்லை. "மாஸ்க் போட்டுகினு போடா. எவன் பாக்கப் போறான்?"

வியாழக்கிழமை இஸ்திரி போட்ட சட்டையும் மாஸ்க்குமாக ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் நின்றேன். ரயில் வந்தது. வாசல்வரை கூட்டம். ஒருத்தி இடுப்பிலிருந்த குழந்தை என் மாஸ்க்கைப் பிடித்து இழுக்கக் கையை நீட்டியது. நான் பின்னால் நகர்ந்தேன். ரயில் போய்விட்டது. அடுத்ததிலும் ஏறவில்லை.

கம்பெனிக்குப் போன் செய்து மம்ப்ஸ் என்று சொன்னேன். "அடுத்த வாரம் வரலாமா மேடம்?"

"இன்னியோட க்ளோஸ் பண்றோம்ப்பா. டேக் கேர்."

நல்ல குரல். வீட்டுக்குத் திரும்பி நடந்தேன்.

அப்பா வேலைக்குக் கிளம்பாமல் வாசலில் இருந்தார்.

"இன்னாடா, ட்ரெய்னை வுட்டுட்டியா?"

"நான்தான் ஏறலப்பா."

கொஞ்ச நேரம் என் சட்டையையே பார்த்தார். பிறகு சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அம்மா கஞ்சி வைத்தாள். அழுகை வரவில்லை. ஒவ்வொரு வாயாக வலிக்க வலிக்க விழுங்கிக்கொண்டிருந்தேன்.