ஒருமுறைதான் கேட்க வேண்டும்

தொண்ணூறுகளில், நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியிருந்த அஜின்கோர்ட்டில் நூலகம் கழித்துவிட்ட புத்தகங்களுக்குள் ஒரு சமையல் புத்தகம் எனக்கு அகப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க அம்மணி இல்லத்தரசிகளுக்காக எழுதியது. பாதிக்கு மேல் பானங்கள்தான். அவர் சொன்னபடி செய்த பழரசம் என் கையில் இருமல் மருந்தாகவே வந்தது. அதற்காக நான் சளைக்கவில்லை. நாகரிகம் முழுவதையும் அவரிடமே கற்பதென்று முடிவு செய்திருந்தேன்.

அம்மணியின் சட்டங்களில் எனக்கு மிகவும் பிடித்தது, விருந்தினரிடம் என்ன குடிக்கிறீர்கள் என்று ஒருமுறைதான் கேட்க வேண்டும் என்பது. வேண்டாமென்றால் வற்புறுத்தக் கூடாதாம். அப்படியானால் எங்கள் சனம் முழுவதும் பட்டிக்காடு என்று அன்றே தீர்ப்பும் எழுதிவிட்டேன்.

அந்த நேரத்தில்தான் மிசிசாகாவிலிருந்து என் தங்கையைப் பெண் பார்க்க வந்தார்கள், மாப்பிள்ளையும் தாயும். தங்கையும் அவரும் ஒன்றாக வேலை செய்து ஒருவரையொருவர் விரும்பியவர்கள். தாய் ஓமென்றால் போதும். பெற்றோர் ஊரில் இருந்ததால் நான்தான் பெண்வீட்டார்.

"அன்ரி, என்ன குடிக்கிறியள்?"

"ஐயோ, ஒண்டும் வேண்டாம் பிள்ளை. இப்பதான் குடிச்சிட்டு வாறம்."

"சரி அன்ரி."

நம்மவர் சொல்லும் முதல் 'வேண்டாம்' வெறும் மரியாதைக்கு என்பது பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். குசினி வாசலில் தேத்தண்ணிக் கோப்பைகளோடு நின்று தங்கை கண்ணால் கெஞ்சினாள். நானோ மனத்தால் அம்மணியின் அமெரிக்காவில் இருந்தேன். வந்தவர்கள் வறண்ட தொண்டையோடு எழுந்து போனார்கள்.

'பச்சைத் தண்ணிகூடத் தராத வீடு' என்ற கதை எங்கள் பக்கத்து மில்லிக்கன் வரை போய்விட்டது. தங்கை அழுதழுது என்னோடு பேச்சையே நிறுத்தினாள். மிசிசாகாவிலிருந்து ஓமென்ற பதிலும் வரவில்லை. வெட்கத்தைவிட்டு, பஸ் மாறி மாறி, மன்னிப்புக் கேட்க மிசிசாகாவுக்குப் போனேன். மாப்பிள்ளையின் தாய்தான் கதவைத் திறந்தார்.

"என்ன குடிக்கிறீர் பிள்ளை?"

பழக்கதோஷம் யாரை விட்டது? "ஒண்டும் வேண்டாம் அன்ரி."

"சரி," என்று அவர் எனக்கு எதிரே வசதியாக உட்கார்ந்துகொண்டார்.

புத்தகக் கதை முழுவதையும் சொன்னேன். அவர் முகம் அசையவில்லை. எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"அன்ரி, ஒரு தேத்தண்ணி தாங்கோ," என்றேன் கடைசியில்.

அப்போதுதான் சிரித்தார். "பால் விட்டோ, பிளேன்ரீயோ?" என்று எழுந்தவர் குசினி வாசலில் நின்று திரும்பினார். "கலியாணத்துக்கு நாள் பாப்பம். ஆனா வாற சனத்தை உபசரிக்கிற வேலை மட்டும் உம்மட கையிலை தரமாட்டன்."