அக்காவின் வலது தோள்

இரண்டாயிரத்துப் பதினொன்றாம் ஆண்டின் மழைக்காலத்தில்தான் மாஸ்டரம்மாவை முதன்முதலாகச் சந்தித்தேன். என் தோள் இறுக்கத்துக்கு மருத்துவர் உடற்பயிற்சியைப் பரிந்துரைத்திருந்தார். மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது மாஸ்டரம்மாவின் பயிற்சிக்கூடம். ஒரு சுவர் முழுவதும் கண்ணாடி. அதை மறைத்தபடி பூப்போட்ட படுக்கை விரிப்பொன்று தொங்கியது.

"கண்ணாடியை ஏன் மூடி வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"அழகு பாக்கறதுக்கு வீட்லயே கண்ணாடி இருக்குமேம்மா," என்று அவர் சிரித்தார்.

வாசல் மேசையில் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்த பெண்மணி, "அவ மூஞ்சிய அவளாலயே பாக்க முடியல. அதான் மூடிட்டா," என்றார். அவர் மாஸ்டரம்மாவின் அக்கா. துண்டுகளை மேல்தட்டில் வைக்க எழுந்தவர் இடக்கையை மட்டுமே உயர்த்தினார்.

கெட்டில்பெல் எனப்படும், கைப்பிடி வைத்த இரும்புக் குண்டைத் தலைக்கு மேல் தூக்கும் பயிற்சியை மாஸ்டரம்மா எவருக்கும் எளிதில் கொடுத்துவிடமாட்டார். பாதங்களை இடுப்பகலத்துக்கு ஊன்ற வேண்டும். குண்டு முன்கையின்மீது சாய்ந்திருக்க, மணிக்கட்டு மடங்காமல் நிற்க வேண்டும். அதற்கு நேர்கீழே முழங்கை. வயிற்றையும் பின்புறத்தையும் இறுக்கி, மூச்சை விட்டபடியே தூக்கினால் மேற்கை காதருகே வந்து நிற்கும். இறக்குவதோ தூக்குவதைவிட மெதுவாக. இவ்வளவையும் சொல்லிவிட்டு நம் பக்கவாட்டில் வந்து நின்றுகொள்வார்.

"விலா மேல எழும்புது பாருங்க. கை போகல, இடுப்புதான் வளையுது. இறக்குங்க, இறக்குங்க!"

இந்தக் கண்டிப்பின் காரணத்தை அவரே ஒருநாள் சொன்னார். முன்பெல்லாம் வரிசையில் தாமும் நின்று, தாமும் தூக்கியபடி, கண்ணாடியில் பார்த்தே பிறரைத் திருத்துவாராம். அப்படித்தான் அக்காவுக்கும் கற்பித்திருக்கிறார். கண்ணாடியில் அக்காவின் கை கம்பம்போல் நேராகத் தெரிந்தது. 'பிரமாதம், இன்னும் பெருசா எடு' என்றிருக்கிறார். முதுகு வில்லாகப் பின்னே வளைந்திருந்ததை நேரெதிர்க் கண்ணாடி காட்டவில்லை. பெரிய குண்டைத் தூக்கியபோது அக்காவின் தோளில் தசைநார் கிழிந்தது.

"என்னை ஒரு வார்த்தை சொல்லலம்மா அவ. பக்கத்து வீட்டுக்காரன் குப்பையைத் தள்ளிவிட்டாலே ஊரைக் கூட்டறவ!" என்றார் மாஸ்டரம்மா. தோள் கிழிந்த நாளிலிருந்து அக்காவுக்குத் தலைவாரிப் பின்னுவது அவருடைய வேலையாயிற்று.

அடுத்த கோடையில், சிறிய எடையைத் தூக்கிப் பார்க்கலாம் என்று மருத்துவர் அக்காவுக்கு அனுமதி அளித்தார். அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. தங்கையோ நாளுக்கொரு சாக்குச் சொன்னார். ஒருநாள் காலையில் அக்கா எழுந்து, இருப்பவற்றுள் மிகச் சிறிய குண்டை எடுத்துக்கொண்டு கூடத்தின் நடுவே போய் நின்றார்.

"வேண்டாங்க்கா. மறுபடி ஏதாவது ஆயிடுச்சுன்னா என்னால தாங்க முடியாது."

"உன்னால தாங்க முடியாதுன்னு என் கையைக் கட்டிப் போடுவியா? சூடு கண்டது இந்தப் பூனைடி. அடுப்பைப் பாத்து நீ எதுக்கு ஓடற?"

தம்முடைய குற்றவுணர்வுக்குப் பயந்தே அக்காவை அந்த மேசையருகே உட்காரவைத்துவிட்டோம் என்பது அப்போதுதான் மாஸ்டரம்மாவுக்கு உறைத்திருக்க வேண்டும். மெல்ல நடந்து, அக்காவின் பக்கவாட்டில் நின்றார்.

"இடுப்பை இறுக்கு... மூச்சை விடு... தூக்கு."

கை நெற்றியளவு உயர்ந்து, அங்கேயே நின்றுவிட்டது. முதுகு வளையவில்லை. அக்கா முனகாமல் மெதுவாக இறக்கினார்.

"அவ்வளவுதான் போகும்போல. பரவால்ல, கொட்டாவி வந்தா வாயைப் பொத்தலாம்."

பயிற்சிக்கு வந்திருந்த நாங்கள் எல்லாரும் சிரித்தோம். மாஸ்டரம்மா சிரிக்கவில்லை. மறுவாரமே நான் மகளுடைய ஊருக்குக் குடிபெயர்ந்துவிட்டதால், அப்போது அவர் அக்காவிடம் கேட்டதுதான் என் காதில் விழுந்த அவருடைய கடைசி வேண்டுகோள். குண்டை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அக்காவின் வலது தோளைத் தொடத் துணியாமல், அவருடைய முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"ஒரே ஒரு தடவை என்னைத் திட்டிடுக்கா."